சட்டியில் உண்டு; அகப்பை யார் கையில்?

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது நம் முன்னோர் வாக்கு. இல்லாத வீட்டில் எவ்வளவு துழாவினாலும் பயனில்லை என்பது அதன் பொருள். ஆயின், மட்டக்களப்பு நாட்டின் இன்றைய நிலையை எண்ணிப் பார்ப்பவர்க்கு அப்பழமொழியைச் சற்றே மாற்றிச் சொல்ல வேண்டுமென்று தோன்றும். இங்கே சட்டியில் இல்லாமற் போகவில்லை. அகப்பை பிடிக்கும் கைகளே போதாமற் போயின.

செங்கலடிப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது நமது வாவி. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. படுவான்கரையிலே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர்பாய்ந்து நெல் விளைகிறது. மேட்டு நிலங்களிற் சோளனும் பயறும் கச்சானும் மரவள்ளியும் விளைகின்றன. எருமைத்தயிர் சட்டி சட்டியாகச் சந்தைக்கு வருகிறது. எழுவான்கரையிலே தென்னையுண்டு, கடல்மீனுண்டு, மணற்பாங்கான வளவுகளிற் கீரையும் கத்தரியும் உண்டு. இடையே கிடக்கும் வாவி இறாலும் நண்டும் மீனும் தருகிறது. மீன்பாடும் தேனாடு என்று இந்நாட்டைப் பிறர் புகழ்வது வெறும் முகமன் அன்று.

இத்தகைய நாட்டிலே ஒரு நாளின் உணவு எவ்வாறு நடைபெறுகிறது? காலையிற் பாண், அதற்குத் துணை மைசூர்ப் பருப்பு. நண்பகலிற் கடைப் பார்சல். மாலையில் மீண்டும் பாண், அல்லது கொத்துரொட்டி. இடையிடையே பால்மாத் தேநீர். பாணுக்குரிய கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலேறி வருகிறது. பால்மாவிற் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. அவசரத்துக்குத் திறக்கும் டின் மீனோ பெரும்பாலும் அந்நிய நாட்டது. நெல்லும் மீனும் பாலும் விற்கும் நாட்டவர், விற்ற காசைக் கொண்டுபோய்க் கோதுமையும் டின் மீனும் பால்மாவும் வாங்குகின்றனர். இந்த வாணிபத்தில் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்பதைக் கணக்கறிந்த எவரும் ஒரு நொடியிற் சொல்லிவிடுவர்.

எளிய உணவை வீட்டிலே சமைக்கக் கற்றல் ஓர் அரசியற் பத்திரிகையில் எழுதத்தக்க விடயமா என்று சிலர் வினவக்கூடும். எழுதத்தக்க விடயமே என்பது நமது கருத்து. ஏனென்பதைக் கூறுவோம்.

அரிசியும் ஆட்சியும்

இலங்கையின் அரசியலை அரிசி ஆட்டிப்படைத்த வரலாறு நீண்டது. 1953ஆம் ஆண்டிற் கூப்பனரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். 1970ஆம் ஆண்டுகளில் இறக்குமதி நெருக்கப்பட்டபோது, அரிசிக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர்; மரவள்ளியைத் தின்று பசியாறினர். 1979ஆம் ஆண்டிற் பங்கீட்டரிசி நீங்கி உணவு முத்திரை வந்தது.

பின்னர் வந்தது நாம் அனைவரும் கண்ணாரக் கண்ட காலம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை நீங்குமுன்னரே உழவன் தன் பயிரை இழந்தான். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறி நின்றது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கொழும்பில் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 4,860 ரூபாயாயிற்று. அதுவும் வரிசையில் நின்றவருள் வாய்த்தவர்க்கே கிடைத்தது.

இவ்வளவு நிகழ்ந்தும், அரிசியின் விலையைப் பற்றி மேடைகள் பேசின. அரிசியை உலையிலிடுவது பற்றி எவரும் பேசவில்லை. விலை ஏறும்போது ஓலமிடுகிறோம், இறங்கும்போது மறந்துவிடுகிறோம். ஆனால், அந்த 2022ஆம் ஆண்டில் எந்த வீடு நிலைகுலைந்தது, எந்த வீடு தாக்குப்பிடித்தது என்று நம் ஊர்களில் உசாவிப் பாருங்கள். வருவாய் ஒத்த இரு குடும்பங்களுள், வளவிலுள்ள முருங்கையிலையையும் சந்தையிலுள்ள சூடைமீனையும் கொண்டு ஒருவேளைச் சோற்றை ஒப்பேற்றத் தெரிந்த குடும்பம் கடன்படாமற் கரையேறியது. பாணும் பார்சலுமே கதியென்றிருந்த குடும்பம் நகையை அடைவு வைத்தது. சமையலறிவு என்பது பஞ்சகாலத்துக்குச் சேமித்துவைக்கும் நெல் போன்றது. அதனை எந்த அரசும் பறிக்க முடியாது.

வாடியிற் சமைத்தவன் வீட்டில் மறந்ததென்ன?

சமையல் பெண்ணின் தொழில், ஆணுக்கு அது இழுக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இது தொன்றுதொட்டு வந்த மரபென்று சிலர் வாதிப்பதும் உண்டு. மட்டக்களப்பின் மரபை அறிந்தவர் அவ்வாறு சொல்லார்.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடைய உழவர், விதைப்புக் காலத்தில் வாவியைக் கடந்து சென்று வயல்வாடியில் வாரக்கணக்கிற் தங்குவது வழக்கம். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதையேறிச் சென்றவர் எத்தனை பேர்! 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே பலருக்கு அந்நீர்வழிப் பயணம் குறைந்தது. அந்த வாடியிலே உலை வைத்தது யார்? முல்லைக்காரனும் கூலியாளும் போடியாரின் மகனுமேயன்றோ! குளத்து விராலைப் பிடித்துப் புளியிட்டுக் காய்ச்சி, சுடுசோற்றில் ஊற்றி உண்ட சுவையை இன்றும் முதியோர் நாவூறப் பேசுகின்றனர். கண்ணகியம்மன் சடங்குக்கும் கோயில் அன்னதானத்துக்கும் கிடாரம் கிடாரமாகச் சோறாக்குவோர் ஆடவரே. நளபாகம், வீமபாகம் என்று நாம் போற்றும் இரண்டும் ஆடவர் கைப்பாகங்களே.

வாடியிலும் கோயிலிலும் அகப்பை பிடித்த கை, வீட்டு அடுப்பங்கரையில் மட்டும் ஏன் கூசுகிறது? கூலியும் புகழும் உள்ள இடத்திற் சமையல் கலையாகிறது. அவை இல்லாத இடத்தில் அது பெண்ணின் கடமையாகிவிடுகிறது. உண்மை இதுவே. இதனை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படலாம், மறைக்க வேண்டியதில்லை.

தாயில்லாத அடுப்பு

இம்மனப்பான்மையின் விலை என்ன என்பதைச் சிந்தியுங்கள். நம் மாவட்டத்துத் தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். போரிற் கணவரை இழந்தோரும், கடன்சுமையால் நெரிந்தோரும், கூலியாற் பிழைக்க இயலாதோரும் அவருள் அடங்குவர். அந்நிய நாட்டிலே அந்நியர் அடுப்பில் அவள் சமைக்கிறாள். அவள் சொந்த அடுப்பிற் சாம்பல் ஆறிக் கிடக்கிறது.

அவள் போன அன்றே அகப்பை யார் கைக்குப் போகிறது? தந்தை கைக்கா? உயர்தரம் படிக்கும் மூத்த மகன் கைக்கா? இல்லை. பதின்மூன்று வயதிலோ பதினான்கு வயதிலோ உள்ள மகளின் கைக்கே போகிறது. விடியலில் உலை வைத்து, தம்பியரை உண்பித்து, பாத்திரம் கழுவி, பிந்திப் பள்ளிக்குப் போகிறாள். முதலில் வாரத்தில் ஒரு நாள் போகாதிருப்பாள்; பின்னர் இரண்டு நாள். ஈற்றில் அவள் பெயர் இடாப்பிலிருந்து நீங்கும். அவள் படிப்பை வறுமை மட்டுமா விழுங்கியது? சோறாக்கத் தெரியாத தந்தையும், சோறாக்க மறுத்த தமையனும் சேர்ந்தன்றோ விழுங்கினர்!

மகளும் இல்லாத வீட்டிலோ கதை வேறு. தாய் வியர்வை சிந்தி அனுப்பும் பணம் மும்முறையும் சாப்பாட்டுக்கடைக்குப் போகிறது. இரண்டாண்டு கழித்து அவள் திரும்பி வரும்போது, கூரை வேய்ந்திருக்காது, கடன் தீர்ந்திருக்காது. பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் மறுமொழி சொல்வார் இல்லை. அது கொத்துரொட்டியாயும் பார்சலாயும் போயிற்று.

ஐந்து பாடங்கள்

சமையல் பெரிய வித்தையென்று அஞ்சவேண்டாம். விருந்துச் சமையல் வேறு, நாட்சமையல் வேறு. ஐந்து பாடங்களைக் கற்றவன் ஒரு குடும்பத்தைப் பசியாற்றுவான்.

முதலாவது சோறு. தவிடு முற்றும் நீங்காத குத்தரிசியை வாங்குக. பால்பேணிச் சுண்டு ஒன்று இருவர்க்கு ஒருவேளைக்குப் போதும். கல் நீக்கி, அளவாகக் கழுவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, அரிசியின் இருமடங்குக்குச் சற்று மேலாக நீர் வைத்து, நீர் வற்றும்வரை சிறுதீயில் வேகவிடுக. வடிப்பதாயிற் கஞ்சியைக் கொட்டாது உப்பிட்டுக் குடிக்க. தவிட்டின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர். சாவகத்திலே தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் நரம்பு நோயுற்றதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றவை நலமாயிருந்ததையும் அவர் கண்டார். அதற்காக 1929ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் பாட்டிமார் உரலிற் குத்தியறிந்த உண்மை அது.

இரண்டாவது ஆணம். பழப்புளியைக் கரைத்து, உள்ளி, மிளகு, நற்சீரகம், கொத்தமல்லி இவற்றைத் தட்டிப்போட்டு, கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்து ஒரு கொதி கொதிக்கவிட்டால் அது புளியாணம். வெங்காயமும் பச்சைமிளகாயும் சிறிது வெந்தயமும் மஞ்சளும் இட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பால் விட்டுக் கொதிக்குமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி விட்டால் அது பாலாணம். புளியை அடுப்பில் வைத்து விட்டாற் பால் திரைந்துபோம். இதனை ஒருமுறை கெடுத்தவன் மறுமுறை மறவான்.

மூன்றாவது இலைச்சுண்டல். முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை, அகத்தி எதுவாயினும் ஆகுக. அரியுமுன் கழுவுக, அரிந்தபின் கழுவினாற் சத்து நீரோடு போய்விடும். வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறி இறக்கித் தேசிக்காய் பிழிக. இலையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர அப்புளி துணை செய்யும். உண்டவுடன் தேநீர் குடிப்பதோ அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

நான்காவது மீன். பெருமீன் வேண்டுமென்று பிடிவாதம் வேண்டாம். சூடை, கீரி, நெத்தலி, சாளை ஆகிய சிறுமீன்கள் விலையிற் தாழ்ந்தவை. சத்தில் தாழ்ந்தவை அல்ல. 1952ஆம் ஆண்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் குளங்களிற் பெருகிக் கிடக்கிறது. கொறுக்காப்புளியும் மிளகும் உப்பும் இட்டு நீர்வற்ற அவித்த மீன் மறுநாள்வரை கெடாது. மீனில்லாத நாளிற் கத்தரியோடு நாலு துண்டு கருவாடு போதும்.

ஐந்தாவது பயறும் கிழங்கும். அவித்த பயற்றில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்தால் அது ஒரு காலையுணவு. சோற்றோடு பயறு சேரும்போது ஒன்றிற் குறைந்த புரதக் கூறுகளை மற்றொன்று நிரப்புகிறது. மரவள்ளியைத் தோலுரித்து, மிகுந்த நீரிற் திறந்த பானையில் அவித்து, அந்நீரை ஊற்றிவிட்டுச் சம்பலோடு உண்க. அதிலுள்ள நச்சுத்தன்மை அவ்வாறே நீங்கும். மிஞ்சிய சோற்றை அன்றிரவே நீரூற்றி மூடிவைத்தால் விடியலிற் தண்ணிச்சோறு. வெங்காயமும் பச்சைமிளகாயும் ஓரகப்பைத் தயிரும் அதற்குப் போதும். நாற்றமெழுந்தால் அதனை விலக்குக.

இவ்வைந்தையும் மாறி மாறிச் சமைத்தால் ஒரு வாரம் கழியும்; சலிப்பும் தட்டாது. பத்து நாட் பழகினாற் கை தானே அளவறியும்.

எரிபொருட் சிக்கனம்

பொருளை மட்டும் சிக்கனப்படுத்தி விறகை வீணாக்கினாற் பயனில்லை. ஒரு வாயில் விறகிட்டு இரு பானைகளை வேகவைக்கும் அனகி என்னும் சிக்கன மண்ணடுப்பு 1980ஆம் ஆண்டுகளில் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. எரிவாயு கிடைக்காத நாட்களில் அதன் அருமை பலர்க்குத் தெரிந்தது. கிடைக்கும் நாளிலும் அதனை மூலையில் எறியவேண்டாம்.

இன்னொரு முறை உண்டு. ஐரோப்பாவிற் போர்க்காலத்திற் பலரும் கையாண்ட வைக்கோற்பெட்டிச் சமையல் அது. பானையைப் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு இறுக மூடி, வைக்கோலைத் திணித்த பெட்டியினுள் வைத்து, மேலும் வைக்கோல் மூடி அழுத்திவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஊறவைத்த பயறும் சோறும் நெருப்பின்றியே வெந்திருக்கும். வயலிலே வைக்கோலை எரித்துவிட்டு, வீட்டிலே எரிவாயுவுக்கு ஏங்கும் நமக்கு இது நல்ல பாடம் அன்றோ!

உத்தியோகத்தர்க்கு ஒரு சொல்

படித்தவரே, உங்களுக்கும் இதிற் பங்குண்டு. பட்டிருப்பிலிருந்தோ கல்லடியிலிருந்தோ புறப்பட்டுப் படுவான்கரைப் பாடசாலைக்குப் போகும் இளம் ஆசிரியர், கொழும்பில் அறையெடுத்துத் தங்கும் எழுதுவினைஞர், வைத்தியசாலை விடுதியில் வாழும் தாதி உத்தியோகத்தர் ஆகியோர் மாதச் சம்பளத்தில் எவ்வளவைக் கடைச்சோற்றுக்குக் கொடுக்கின்றனர் என்பதை ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதுக. எதிர்ப்பக்கத்தில், அதே வேளைகளுக்கு அரிசி, தேங்காய், இலை, சிறுமீன், விறகு இவற்றுக்கு உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன செலவாகும் என்பதை எழுதுக. விலை வாரந்தோறும் மாறுவதால் நாம் இங்கே எண் எழுதவில்லை. உங்கள் குறிப்பேடே உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

நேரமில்லையென்பது அடுத்த நியாயம். சோறு வேகும் நேரத்தில் ஆணமும் சுண்டலும் ஆகிவிடும். முழுவதற்கும் ஒரு மணி நேரம் போதும். கடைக்குப் போய், வரிசையில் நின்று, பார்சலோடு திரும்பும் நேரத்தையும் கைத்தொலைபேசியிற் கழியும் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பவர், நேரமில்லை என்று சொல்லத் துணியார்.

மூன்றாவது ஒரு நியாயம் உண்டு. அதனை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாண் நாகரிகம், மரவள்ளி பஞ்சம் என்னும் எண்ணமே அது. 1970ஆம் ஆண்டுகளின் வரிசையில் நின்றோர்க்கு மரவள்ளியைக் கண்டாற் கசப்பு வருவது இயல்பு. வேறொன்றும் இல்லாமற் திணிக்கப்பட்ட உணவு எவருக்கும் கசக்கும். ஆனால், விரும்பித் தெரிந்து உண்பது வேறு. தண்ணிச்சோற்றை மறைத்துவைத்து உண்பவன், தன் மண்ணையே மறைத்துவைக்கிறான்.

ஏழையைப் பழிப்பதன்று

இங்கே ஒன்றை ஐயமின்றிக் கூறவேண்டும். ஏழை சமைக்கத் தெரியாததால் ஏழையாயினான் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வோர் நெஞ்சில் ஈரமில்லாதவர். நெல்லுக்கு நியாயவிலை வேண்டும்; கூலிக்கு நியாய ஊதியம் வேண்டும்; வாவியும் மேய்ச்சற்றரையும் காக்கப்படவேண்டும். இவற்றுக்காக ஆட்சியாளரை இடித்துரைக்கும் கடமையிலிருந்து இப்பத்திரிகையும் வாசகரும் ஒருநாளும் நீங்குதல் ஆகாது. சட்டியிற் போடுவதற்கே இல்லாத வீட்டுக்குச் சமையற்குறிப்புச் சொல்வது கொடுமை. அங்கே முதலில் அரிசி போகவேண்டும்.

ஆயினும், உரிமை கேட்பதும் தொழில் கற்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியா 1940ஆம் ஆண்டு ஜனவரியில் உணவுப் பங்கீட்டைத் தொடங்கியது. 1954ஆம் ஆண்டு ஜூலையிலேயே அது முற்றும் நீங்கியது. அக்காலத்தில் அந்நாட்டரசு பங்கிட்டுக் கொடுத்ததோடு நில்லாது, குறைந்த பொருளைக் கொண்டு எவ்வாறு சமைப்பது என்று வானொலியிற் காலைதோறும் கற்பித்தது. துண்டுப் பிரசுரம் அச்சிட்டது. அங்கே ஓர் அமைச்சே அடுப்பங்கரைக்கு வந்தது. நம் நாட்டிலோ 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மக்களை வரிசையில் நிறுத்தியதன்றி, இத்தகைய பெருமுயற்சி எதனையும் நாம் கண்டிலேம்.

செய்யவேண்டியது யாது?

நமது வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, பாடசாலை. மனைப்பொருளியல் இன்று சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகவே உள்ளது. அதனைப் பெண்பிள்ளைகளின் பாடம் என்று கருதும் வழக்கமும் உள்ளது. விருப்பப் பாடம் அவ்வாறே இருக்கட்டும். ஆனால், ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் மேற்கூறிய ஐந்தையும் தன் கையாற் சமைத்துக் காட்டவேண்டும் என்று நம் வலயப் பாடசாலைகளின் அதிபர்கள் முடிவு செய்யலாம். அதற்குப் பெருஞ்செலவில்லை. மூன்று கல்லும் ஒரு பானையும், மனமும் போதும்.

இரண்டாவது, சங்கங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஊரிலுள்ள மூதாட்டியரை அழைத்து, மாதத்தில் ஒருநாள் இளைஞர்க்குச் சமையல் காட்டச் செய்யலாம். எந்த இலையை எந்தப் பருவத்திற் பறிப்பது, எந்தக் கருவாட்டுக்கு எந்தக் காய் பொருந்தும் என்னும் அறிவு அவர் தலைமுறையோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது. தாய் வெளிநாடு சென்ற வீடுகளின் தந்தையரை இவ்வகுப்புக்கு முதலில் அழைக்க வேண்டும்.

மூன்றாவது, வீடு. வாரத்தில் ஒரு நாளேனும் வீட்டு ஆடவர் சமைக்கட்டும். முதல் வாரம் சோறு குழையும். இரண்டாம் வாரம் உப்புக் கூடும். மூன்றாம் வாரம் உண்ணத்தக்கதாகும். அந்த ஒரு நாளில் மகள் புத்தகம் விரித்திருப்பாள். மனைவி சற்றே அமர்ந்திருப்பாள்.

விடுதலையைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். பிறர் கையை எதிர்பாராமல் தன் வயிற்றுக்குத் தான் சோறாக்கிக்கொள்ளும் ஆற்றலும் விடுதலையின் ஒரு பகுதியே. அதனைப் பெறுவதற்கு எவரிடமும் மனுக்கொடுக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம். சட்டி நிறைந்த நாட்டிலே அகப்பை ஒரு சிறுமியின் கையிற் கிடக்கிறது. அதை வாங்கிக்கொண்டு அவளைப் பள்ளிக்கு அனுப்புவோமாக.